மலையில் விட்ட பெயர்

நான் வாழ்க்கைப்பட்ட வீட்டில் எனக்கு முன்னால் ஒருத்தி இருந்தாள். நான் வருவதற்கு இரண்டு வருஷம் முன்பே வாந்திபேதியில் போய்விட்டாள். முழுதாகப் போயிருந்தால் எனக்கு ஒன்றுமில்லை. பெயரை மட்டும் விட்டுவிட்டுப் போயிருந்தாள். அண்டா, தவலை, குடம், செம்பு, குத்துவிளக்கின் அடிப்பாகம் வரைக்கும் அவள் பெயர் வெட்டியிருந்தது. அவளுடைய அப்பா வசதியுள்ளவர். சீர் பாத்திரம் ஒன்றையும் விடாமல் பெயர் வெட்டித்தான் அனுப்பியிருந்தார். என்னை இரண்டாந்தாரமாகக் கொடுத்த என் அப்பா, அங்கேதான் பாத்திரம் நிறைய இருக்கிறதே என்று இரண்டு குடமும் ஓர் உருளியும் கொடுத்ததோடு சரி. அவற்றில் பெயர் கிடையாது.

பாளையங்கோட்டையில் வேதக்காரர் நடத்திய மிஷன் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு வரை படித்ததால் எனக்கு எழுத்துத் தெரியும். அதுதான் வினையாகப் போயிற்று. தெரியாமல் இருந்திருந்தால் அவையெல்லாம் வெறும் கீறலாக இருந்திருக்கும். தினமும் தாமிரவருணிப் படித்துறையில் உட்கார்ந்து புளியும் சாம்பலும் போட்டு அந்தப் பெயரைத் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக வைத்திருந்தது நான்தான். அவள் பெயர் என்ன என்று இதைப் படிக்கிறவர்கள் கேட்கக்கூடும். எழுத மாட்டேன். அதைப் போதுமான இடங்களில் வெட்டியாயிற்று.

செத்தவள் மேல் என்ன பொறாமை என்று என் அம்மா கேட்பாள். செத்தவள் மேல்தான் வரும். உயிரோடு இருக்கிறவளாக இருந்தால் ஒருநாள் சாதத்தைக் குழைய விடுவாள், ஒருநாள் எரிந்து விழுவாள், நமக்கும் மனசு ஆறும். இவள் எதையும் குழைய விடவே இல்லை. என் மாமியார் சொன்னதைக் கேட்டால், அவள் வைத்த தேங்காய்ப்பால் சொதி திரிந்ததே இல்லை, அவள் போட்ட கோலம் கோணியதே இல்லை, அவள் வாயிலிருந்து ஒரு கடுஞ்சொல் வந்ததே இல்லை. நான்கு வருஷம் குடும்பம் நடத்தியிருக்கிறாள். ஒருநாள்கூடவா கோபம் வரவில்லை என்று ஒரு தடவை கேட்டுவிட்டேன். அத்தை என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு எழுந்து போனாள்.

அந்தக் காலத்தில் புருஷன் பெயரைப் பெண்டாட்டி சொல்லக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். எங்கள் பக்கத்தில் புருஷனும் பெண்டாட்டியைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார். கூப்பிட்டால் வெட்கங்கெட்டவன் என்பார்கள். என் வீட்டுக்காரர் கொக்கிரகுளம் கோர்ட்டில் குமாஸ்தா. அங்கே நாள் முழுக்க ஊரார் பெயரையெல்லாம் எழுதிவிட்டு வருவார். வீட்டுக்கு வந்தால் எனக்கு ஒரு செருமல்தான். இரண்டு தடவை செருமினால் சாப்பாடு, ஒரு தடவை செருமினால் தண்ணீர். ரொம்பப் பிரியமாக இருந்தால் 'ஏளா' என்பார். அத்தைக்கு நான் 'இளையவள்'. இப்படியாக அந்த வீட்டில் என் பெயரைச் சொல்ல ஒருவரும் இல்லை. கல்யாணமாகி மூன்றாம் வருஷம் எனக்குப் பெண் பிறந்தது.

எங்கள் வழக்கப்படி முதல் பெண்ணுக்கு அப்பாவைப் பெற்றவள் பெயரைத்தான் விட வேண்டும், பெயர் வைப்பதை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். நானும் அதற்குத் தயாராகத்தான் இருந்தேன். மாமியார் பெயரை நான் வாய்விட்டுச் சொல்ல முடியாது, அதனால் பிள்ளையைக் கூப்பிட வேறொரு செல்லப்பெயரையும் மனசுக்குள் வைத்திருந்தேன். ஆனால் பிள்ளை பிறந்து பத்து நாளாவதற்குள் அத்தை பேச்சை மாற்றினாள்.

“மூத்தவ கழுகுமலையில இசக்கிக்கு நேந்திருக்கா. இந்த வீட்டுல ஒரு பிள்ளை பொறந்தா எண்ணெய்க்காப்புப் போட்டுச் சேலை சாத்துதேன்னு. பாவம், அவ குடுத்துவைக்கல. ஆனா நேர்ச்சை பலிச்சிட்டுல்லா. பொம்பளப் பிள்ளையா வேற பொறந்திருக்கு. அவ பேரத்தான் விடணும்.”

“அத்தை பேரல்லா விடணும்,” என்றேன்.

“எம் பேரு கெடக்கு. நான்தான் உசுரோட இருக்கேனே.”

தன் பெயரையே அவளுக்காக விட்டுக்கொடுத்தாள். அதற்கு மேல் நான் என்ன சொல்ல? பத்து மாதம் சுமந்தது நான், வலியில் துடித்தது நான். ஆனால் பிள்ளை அவள் நேர்ந்து வந்ததாம். அப்படியானால் நான் யார்? யாரோ கேட்ட தண்ணீரை ஆற்றிலிருந்து கொண்டுவந்து இறக்கி வைத்தவள்.

எனக்கு இன்னொன்றும் உறைத்தது. பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது என்பது பெண்டாட்டியை மட்டும்தான். மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடலாம். அவர் இனிமேல் காலையிலும் மாலையிலும் வாய் நிறைய அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டு திரிவார், யாரும் வெட்கங்கெட்டவன் என்று சொல்ல மாட்டார்கள். எனக்கோ மூத்தாள் அக்காள் முறை, அவள் பெயரை நான் சொல்லக் கூடாது. நான் பெற்ற பிள்ளையை நான் மட்டும் பெயர் சொல்லிக் கூப்பிட முடியாது. அந்தப் பெயர் என் பிள்ளை மேல் விழக் கூடாது என்று அன்றைக்கே தீர்மானம் செய்துகொண்டேன். எப்படித் தடுப்பது என்றுதான் தெரியவில்லை.

பிள்ளைக்கு ஏழு மாதம் ஆனபோது, தை மாதத்தில் புறப்பட்டோம். அதுவரை பெயர் விடவில்லை. நேர்ச்சை முடிந்துதான் பெயர் என்று அத்தை சொல்லிவிட்டாள். கிளம்புவதற்கு முந்தின நாள் மூத்தாளுக்குப் புதுச்சேலை வைத்துக் கும்பிட்டார்கள். கும்பிட்ட சேலையை இளையாள் கட்டிக்கொள்ள வேண்டும், அதுவும் வழக்கம். அவளுக்குப் பிடித்த நிறம் என்று என் வீட்டுக்காரர் அரக்கு நிறத்தில் எடுத்திருந்தார். எனக்கு அரக்கு நிறம் ஆகவே ஆகாது. அந்தச் சேலையில் நான் கறுத்துத் தெரிவேன். அவளோ சிவப்பாம். அவள் சேலையைச் சுற்றிக்கொண்டு, அவள் நேர்ச்சையை முடிக்க, அவள் பெயருக்குரிய பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு ரயில் ஏறினேன்.

மணியாச்சியில் வண்டி மாறி, கோயில்பட்டியில் இறங்கி, அங்கிருந்து மாட்டுவண்டி. ஆற்றங்கரைப் பச்சையிலேயே இருந்த கண்ணுக்குக் கரிசல்காடு ஒரேயடியாக வெறிச்சென்று இருந்தது. வண்டியில் அத்தை மூத்தாள் கதையைச் சொல்லிக்கொண்டே வந்தாள். இந்த இடத்தில்தான் அவள் இறங்கித் தண்ணீர் குடித்தாள், அந்த மரத்தடியில்தான் கட்டுச்சோறு பிரித்தாள். கட்டுச்சோற்றில் நான் புளி அதிகமாக விட்டிருந்தேன். அதையும் அத்தை சொன்னாள்.

கழுகுமலையில் முருகனைக் கும்பிட்டு முடிந்ததும் அத்தை முழங்காலைப் பிடித்துக்கொண்டு கோயில் மண்டபத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க. பிள்ளை காதுல தகப்பன்தான் சொல்லணும், மூணு தடவ. மறந்துராத.”

எனக்கு உள்ளுக்குள் ஒரு துள்ளல். அத்தை இல்லாத இடத்தில் அவரிடம் பேசிவிடலாம். ஏறத் தொடங்கியதுமே ஆரம்பித்தேன்.

“நேர்ச்சைய முடிக்கட்டும், நான் வேண்டாங்கல. பேரு எதுக்கு? நேந்தவுக பேரு விடுதேன்னா நேந்தாக? எண்ணெயும் சேலையுந்தானே.”

“அம்மை சொல்லியாச்சு,” என்றார். அதோடு சரி.

பாதி ஏறியதும் ஒரு தட்டைப் பாறையைக் காட்டினார். “இங்கன கொஞ்சம் உக்காரு. மூச்சு வாங்குதுல்லா.”

எனக்கு மூச்சு வாங்கவில்லை. ஆற்றிலிருந்து குடம் குடமாகச் சுமக்கிறவளுக்கு இந்த மலை எம்மாத்திரம்? வேறு யாருக்கோ மூச்சு வாங்கிய இடம் அது.

“அவுக இங்கனதான் உக்காந்தாகளோ?”

“யாரு?”

“யாருன்னு ஒங்களுக்குத் தெரியாதாக்கும்.”

அவர் முன்னால் நடந்தார். இன்னும் கொஞ்ச தூரம் போனதும், “அங்கன வழுக்கும், பைய வா,” என்று கையை நீட்டினார். தை மாதத்துப் பாறை அடுப்புக்கல் மாதிரிக் காய்ந்து கிடந்தது. வழுக்க அதில் என்ன இருக்கிறது? அவள் வந்த அன்றைக்கு மழை பெய்திருக்க வேண்டும். வழுக்கியிருப்பாள், இவர் பிடித்திருப்பார். அந்தக் கையை நான் பிடிக்கவில்லை. பிள்ளையை இறுக்கிக்கொண்டு நானாகவே ஏறினேன்.

மேலே போனால் பாறை முழுக்கச் சாமிகள். வரிசைக்கு மேல் வரிசையாகப் பாறையிலேயே செதுக்கியிருந்தார்கள். எல்லாம் ஒரே சாடை. கண்ணைப் பாதி மூடி, மடியில் கை வைத்து, தலைக்கு மேல் மூன்று குடை. உடம்பில் துணி இல்லை. “சமணர் சாமிக. பாக்காத,” என்றார் அவர். சைவ வீட்டுப் பெண் அவற்றைப் பார்க்கக் கூடாதாம். நான் நன்றாகப் பார்த்தேன். ஒன்றுக்குக்கூட முகத்தில் எரிச்சல் இல்லை. பெண்டாட்டி, பிள்ளை, மாமியார் எல்லாவற்றையும் விட்டுவிட்டு மலையில் வந்து உட்கார்ந்தால் எனக்கும் அப்படித்தான் முகம் இருக்கும்.

ஒவ்வொரு சாமிக்கும் கீழே ஏதோ எழுத்து. நான் படித்த எழுத்து இல்லை, எல்லாம் வளைந்து வளைந்து இருந்தது. அந்த எழுத்தின் மேல் இரண்டு ஆட்கள் ஈரக்காகிதத்தை ஒட்டி பிரஷ்ஷால் அடித்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் கோட்டும் தலைப்பாகையுமாக ஒருவர் குடை பிடித்து நின்றார். கல்லெழுத்தைப் படியெடுக்கச் சர்க்கார் அனுப்பிய ஆளாம். பேச்சைக் கேட்டால் கும்பகோணம் பக்கம் மாதிரி இருந்தது. என் வீட்டுக்காரருக்கு எழுத்து என்றால் போதும், குமாஸ்தா இல்லையா, போய் நின்றுகொண்டார்.

“இதுல என்ன எழுதியிருக்கு?”

“எல்லாம் பேர்தான். சிலையைச் செய்வித்தவா பேர், ஊர். சிலது செத்துப்போனவாளுக்காகச் செஞ்சது, அவா பேரும் இருக்கும்.”

எனக்கு எங்கள் வீட்டு அண்டா ஞாபகம் வந்தது. அந்த மனிதர் ஓரிடத்தில் விரலை வைத்து ஒரு பெண் பெயரைப் படித்துக் காட்டினார். அவள் யாருக்கு என்ன உறவோ, என்ன குணமோ, ஒன்றும் தெரியாது. எந்தக் காலத்திலோ செத்தவள். அவள் மேலும் எனக்குப் பொறாமையாக இருந்தது. அவளுக்காக யாரோ கல்லிலேயே பெயர் வெட்டியிருக்கிறார்கள். என் அப்பாவுக்குக் குடத்தில் வெட்டக்கூட மனசு வரவில்லை.

இசக்கி ஒரு பக்கமாக நின்றாள். கூடவே சிங்கம், காலடியில் பிள்ளைகள். ஒரு கையை ஒரு சின்னப் பெண்ணின் தலைமேல் வைத்திருந்தாள். வந்தவர்கள் ஊற்றிய எண்ணெயில் கறுத்து மின்னினாள். பக்கத்துச் செடியில் சின்னச் சின்ன மரத்தொட்டில்கள் கட்டியிருந்தன. அவற்றில் ஒன்று மூத்தாள் கட்டியதாக இருக்கும். எது என்று பார்க்காமல் இருக்க முடியவில்லை. அவரும் பார்த்தார். அதனால் நான் சட்டென்று எண்ணெய்ச் செம்பைக் கவிழ்த்தேன்.

“அம்மா, பாத்து, எழுத்து மேலே விட்டுடாதேங்கோ,” என்றார் அந்த மனிதர்.

“இசக்கிக்கு நேர்ச்சை,” என்றார் என் வீட்டுக்காரர்.

“இசக்கியா? இல்லையே. இது சமணாளோட அம்மன். நம்ம ஜனங்க பிள்ளைகளைப் பாத்துட்டு இசக்கின்னு கும்பிடறா. சுத்துப்பட்டுல எல்லாருமே அப்படித்தான்.”

கடவுளே கண் திறந்தது போல இருந்தது எனக்கு. மலைக்கு வந்து, விழுந்து கும்பிட்டு, தொட்டில் கட்டி, கடைசியில் வேறு மதத்துச் சாமியிடம் நேர்ந்திருக்கிறாள், குற்றமே இல்லாத மூத்தாள். கோலம் கோணாதவள். என் வாழ்க்கையில் அவள் செய்ததாக நான் கேட்ட ஒரே தப்பு அதுதான். சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன். அந்த மனிதர் நகர்ந்ததும் என் வீட்டுக்காரரைப் பிடித்துக்கொண்டேன்.

“ஒரு சங்கதி கேக்கேன். கோயில்பட்டியில போட வேண்டிய பிராதைக் கொண்டாந்து ஒங்க கோர்ட்டுல போட்டா எடுப்பாகளா?”

“எப்படி எடுப்பாக? திருப்பிருவாக.”

“அப்ப இதுவும் செல்லாதுல்லா. நேந்தது இசக்கிக்கு. இது இசக்கியே இல்ல. இசக்கி குடுக்காத பிள்ளைக்கு எதுக்கு நேர்ச்சைக்காரி பேரு? அத்தைகிட்ட இதச் சொல்லுங்க.”

கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னை அப்படி நிமிர்ந்து பார்த்ததில்லை. கெட்டிக்காரி என்று நினைத்திருப்பார், அது முகத்தில் தெரிந்தது. உதட்டில் லேசாகச் சிரிப்புக்கூட வந்தது. ஜெயித்துவிட்டேன் என்றுதான் இருந்தேன். பிறகு அவர் அந்தக் கல்லைப் பார்த்தார், என் சேலையைப் பார்த்தார்.

“எந்தச் சாமியா இருந்தா என்னளா,” என்றார் மெதுவாக. “நேந்தது அவள்லா.”

அதற்குப் பதில் எந்தக் கோர்ட்டிலும் இல்லை. சாமி பொய்யானாலும் அவள் பொய்யில்லை என்கிறார். என்னைப் பற்றி ஒருநாள், யாரிடமாவது, அந்தக் குரலில் ஒரு சொல் சொல்லியிருப்பாரா? பிள்ளையைக் கையை நீட்டிக் கேட்டார். கொடுத்தேன். கொடுக்காமல் என்ன செய்ய?

கொண்டுவந்த நேர்ச்சைச் சேலையைச் சாத்தி, பிள்ளையை அந்த அம்மன் காலடியில் ஒரு நிமிஷம் கிடத்திவிட்டு எடுத்தார். காதருகே வாயைக் கொண்டுபோனார். சத்தம் வரவில்லை. ஒரு தடவை செருமினார். எனக்குத் தண்ணீர் கேட்கிற அதே செருமல். அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவளையும் நாலு வருஷம் இப்படித்தான் செருமிக் கூப்பிட்டிருக்கிறார். அவளுக்கும் ஏளாதான், இந்தாதான். அந்தப் பெயர் அவர் வாயில் இதற்கு முன் வந்ததே இல்லை, அதனால்தான் இப்போது வர மறுக்கிறது. ஒரு நொடி எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

பிறகு சொன்னார். முதல் தடவை கரகரத்தது. இரண்டாம் தடவை தெளிவாக வந்தது. மூன்று தடவை போதும் என்று அத்தை சொல்லியிருந்தாள். அவர் நிறுத்தவில்லை. பிள்ளையின் காதிலிருந்து வாயை எடுத்துவிட்டு, முகத்தைப் பார்த்துச் சொன்னார், கொஞ்சம் சத்தமாகவே சொன்னார். காகிதத்தை அடித்துக்கொண்டிருந்த ஆட்கள் அடிப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. பிள்ளை அவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

செத்தபிறகுதான் அவளுக்கு அது கிடைத்தது. அதைக் கேட்க அவள் இல்லை, நான்தான் இருந்தேன். அவர் வாயில் என் பெயர் வர வேண்டுமானால் நானும் சாக வேண்டும், எனக்குப் பின்னால் இன்னொருத்தி வர வேண்டும், அவள் பெண் பெற வேண்டும், அவளையும் இந்த மலைக்குக் கூட்டிவர வேண்டும். அவ்வளவு தூரம் யோசித்துவிட்டு, வரப்போகிற அந்த மூன்றாமவள் மேலும் ஆத்திரப்பட்டேன். மிச்ச எண்ணெயைச் சாமிக்கு விடாமல் பாறையில் ஊற்றிவிட்டு இறங்கினேன்.

கீழே அத்தை, “விட்டாச்சா?” என்றாள்.

“விட்டாச்சும்மா,” என்றார். சாமி மாறின கதையை இரண்டு பேருமே சொல்லவில்லை. அவர் சொல்லாதது மூத்தாள் மானத்தைக் காப்பாற்ற. நான் சொல்லாததற்குக் காரணம், சொன்னாலும் அத்தை அதிலும் அவள் பெருமையைத்தான் கண்டுபிடிப்பாள் என்பது.

நான் பயந்தபடியேதான் எல்லாம் நடந்தது. முன்பெல்லாம் கோர்ட்டு விட்டால் சத்தமில்லாமல் உள்ளே வருகிறவர், இப்போது தெருமுனையிலேயே அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தார். பிள்ளை தவழ்ந்து ஓடும், நடந்து ஓடும், பிறகு ஓடியே ஓடும். நான் மட்டும் அவளைக் குட்டி என்றேன். பிள்ளை மேல் எனக்கு உயிர். ஆனால் அவர் அந்தப் பெயரைச் சொல்கிற நேரத்தில் மட்டும் உள்ளே போய் ஏதாவது ஒரு பாத்திரத்தை உருட்டுவேன். அதிலும் அதே பெயர்தான் இருக்கும்.

அவளுக்கு ஐந்து வயது நடக்கையில் வளையல்காரச் செட்டியார் வீட்டுக்கு வந்தார். பிள்ளையின் கையைப் பிடித்து வளையல் ஏற்றிக்கொண்டே பெயரைக் கேட்டார். சொன்னாள். அப்பா பெயரைக் கேட்டார். சொன்னாள். பாட்டி பெயரையும் சொன்னாள்.

“அம்மை பேரு?”

“எங்க அம்மைக்குப் பேரு கெடையாது,” என்றாள்.

வளையலுக்கு நின்ற பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். அத்தையும் சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன். செட்டியார் போனதும் பிள்ளையை அடுப்படிக்குக் கூட்டிப்போய் உட்காரவைத்து, காதோரம் குனிந்து என் பெயரை மூன்று தடவை சொன்னேன். அவளுக்கு ஒரே சந்தோஷம். ஏதோ தின்பண்டம் கொடுத்தது மாதிரி அதைத் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள்.

சாயங்காலம் அவர் கோர்ட்டிலிருந்து வந்து வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்தார். பிள்ளை அவருக்கு எதிரில் போய் நின்று என் பெயரைச் சொல்லிக் கூவினாள். தெருவுக்கே கேட்கும்படி கூவினாள். அடுப்படியில் நான் அப்படியே நின்றுவிட்டேன். அந்த வீட்டில் என் பெயரை ஒருவர் சத்தமாகச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. செம்பை அவர் கீழே வைத்த சத்தம் கேட்டது. கதவோரம் வந்து காதை வைத்துக்கொண்டேன்.

“அம்மையப் பேரு சொல்லிக் கூப்பிடக் கூடாது,” என்று பிள்ளையை அதட்டினார். அதட்டும்போது அவள் பெயரைச் சொல்லித்தான் அதட்டினார்.